பேட்ரிக் தினத்துக்குப் பிள்ளைகளோடு என்ன சமைக்கலாம்? பச்சைச் சாயம் இல்லாமல்

மழைக்கொடி (டப்ளின்)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த செவ்வாய் மார்ச் 17, செயின்ட் பேட்ரிக்ஸ் டே, அயர்லாந்தின் தேசியப் பண்டிகை. டப்ளினுக்கு வந்த பிறகு எங்களுக்கு இது இரண்டாவது. போன வருடம் கடையில் பச்சை ஐசிங் போட்ட கப்கேக் வாங்கி முடித்துவிட்டேன். பிள்ளைகளின் நாக்கும் பல்லும் பச்சையானதுதான் மிச்சம்.

இந்த முறை மகளின் வகுப்பில், அன்றைக்கு அவரவர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் பாட்டி சுடும் ரொட்டி, அத்தை கிளறும் உருளைக்கிழங்கு என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்களாம். இவள் வந்து "அம்மா, நாம என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டாள். அன்றைக்குப் பொங்கல் வைத்துச் சமாளிக்க எனக்கு மனமில்லை. இது அவள் வளரும் ஊர். இந்த ஊர்ப் பண்டிகைச் சமையல் ஒன்றாவது அவள் கைக்குப் பழக வேண்டும்.

மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். வீட்டில் ஓவன் இருக்கிறது, ஆனால் நான் அதிகம் தொட்டதில்லை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது போதாது, அவர்களே செய்ய வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்?

அடுப்படி (கார்க்)

சோடா பிரெட், மழைக்கொடி. யோசிக்கவே வேண்டாம். மாவு, ஆப்ப சோடா, உப்பு, மோர். இந்த நாலுதான். ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்கட்டும் என்று காத்திருப்பது கிடையாது. நாலு வயதுப் பையன் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்பானோ, அதற்குள் மாவு ஓவனுக்குள் போய்விடும். நான் பதினான்கு வருடங்களாக இங்கே இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது. அவர் அளந்து நான் பார்த்ததில்லை, பிறகு நானே நிறுத்துப் பார்த்து எழுதி வைத்த அளவு:

மைதா 450 கிராம், சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், பட்டர்மில்க் 350 முதல் 400 மில்லி. கடையில் பிரெட் சோடா என்று இருப்பது நம் ஆப்ப சோடாவேதான். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள். சோடாவைக் கட்டாயம் சலிக்க வேண்டும். கட்டி இருந்தால் ரொட்டியில் மஞ்சள் புள்ளி விழும், அந்த இடம் சோப்பைக் கடித்தது போல இருக்கும். சலிக்கிற வேலை மகளுக்கு.

ஓவனை முதலில் 230 டிகிரியில் போட்டுவிடுங்கள். நன்றாகச் சூடேறிய பிறகுதான் மோரைத் தொட வேண்டும். மாவின் நடுவில் குழி செய்து மோரில் முக்கால்வாசியை ஊற்றுங்கள். மகன் விரல்களை நண்டுக்கால் போல விறைப்பாக விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகச் சுற்றட்டும். அரை நிமிடம் போதும். மாவு ஒன்றுசேர்ந்தால் நிறுத்திவிட வேண்டும். நமக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை, தானாக அழுத்தும். இதில் பிசைந்தால் ரொட்டி கல்லாகிவிடும். அதனால்தான் இது பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை என்கிறேன். அவர்கள் கையில் அந்த அழுத்தமே கிடையாது.

பிறகு மாவு தூவிய மேடையில் கவிழ்த்து, ஒன்றரை அங்குலக் கனத்துக்கு வட்டமாகத் தட்டி, மேலே ஆழமாக ஒரு சிலுவை கீற வேண்டும். நடுப்பகுதி வேக இது உதவும். ஆசீர்வாதம் என்றும் சொல்வார்கள். நாலு பாகத்திலும் கத்தி முனையால் ஒரு குத்துக் குத்துவதும் உண்டு. உள்ளே இருக்கும் ஃபேரிகள் (குட்டித் தேவதைகள்) வெளியே போகவாம். எங்கள் வீட்டில் அந்தக் குத்துக்குத்தான் சண்டை நடக்கும்.

230இல் 15 நிமிடம், 200க்குக் குறைத்து 30 நிமிடம். எடுத்துத் திருப்பி அடியில் தட்டுங்கள். பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி வெறும் சத்தம் கேட்டால் வெந்துவிட்டது.

மழைக்கொடி (டப்ளின்)

அக்கா, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பட்டர்மில்க்குக்குப் பதில் வீட்டு மோர் ஊற்றலாமா? ஓவன் சூடேறிய பிறகுதான் மோரைத் தொட வேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள்?

அடுப்படி (கார்க்)

நம் மோர் தண்ணீராக இருக்கும், புளிப்பும் போதாது. புளித்த கெட்டித் தயிர் 250 கிராமோடு பால் 150 மில்லி அடித்துக் கலந்தால் சரியாக வரும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த நொடியிலேயே வாயு வர ஆரம்பித்துவிடும். ரொட்டியைத் தூக்குவது அந்த வாயுதான். ஓவன் சூடாகட்டும் என்று மாவை மேடையில் வைத்தால், உள்ளே இருக்க வேண்டியது காற்றோடு போய்விடும். இங்கே விளையும் கோதுமை மென்மையானது, பசைத்தன்மை குறைவு, ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவு ஒத்துவராது. 1830களுக்குப் பிறகு சோடா மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தபோது, வெண்ணெய் கடைந்த மோர் வீட்டிலேயே இருந்தது. ஓவன்கூட வேண்டாம், கணப்பு நெருப்பில் மூடி போட்ட இரும்புச் சட்டிக்குள் சுட்டார்கள். இல்லாத வீட்டு ரொட்டி இது. அதனால்தான் பொருளும் குறைவு, வேலையும் குறைவு.

கடல்தாண்டி (நியூ ஜெர்சி)

இடையில் ஒரு கேள்வி. இங்கே மார்ச் 17 என்றால் கார்ன்டு பீஃபும் (உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி) முட்டைக்கோஸும்தான். அலுவலக கேன்டீனில்கூட அதுதான். இழையில் யாரும் அதைப் பற்றி மூச்சே விடவில்லையே? மழைக்கொடி சைவம், அது புரிகிறது. ஆனால் மற்றவர்கள்?

துறைமுகம் (கார்க்)

அது அமெரிக்காவில் பிறந்த வழக்கம், நண்பரே. இங்கே அந்த நாளில் முட்டைக்கோஸோடு வேகவைப்பது பன்றி இறைச்சி. கூடவே பார்ஸ்லி போட்ட வெள்ளை சாஸ்.

ஆனால் கார்ன்டு பீஃபுக்கும் எங்கள் ஊருக்கும் பெரிய தொடர்பு உண்டு. 1660களில் இங்கிலாந்து, அயர்லாந்திலிருந்து உயிர்மாடுகள் இறக்குமதி ஆவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. மாட்டை அனுப்ப முடியாததால் உப்புக்கண்டமாக்கிப் பீப்பாயில் அனுப்பினார்கள். கார்க் துறைமுகம் அந்த வியாபாரத்தில் பெரிய பெயர் எடுத்தது, கப்பல் கப்பலாக மேற்கிந்தியத் தீவுகள் வரை போனது. கார்ன் என்பது மக்காச்சோளம் இல்லை, தானிய மணி அளவுள்ள உப்புக்கல். செய்து அனுப்பிய ஏழைகளுக்கு அதை வாங்கிச் சாப்பிட வசதி இல்லை. பிறகு நியூயார்க்குக்குப் பிழைக்கப் போனவர்கள், அங்கே யூதர்களின் இறைச்சிக் கடையில் மாட்டு நெஞ்சுக்கறியில் செய்த கார்ன்டு பீஃப் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்ததும் அதை வாங்கி முட்டைக்கோஸோடு வேகவைத்தார்கள். ஊர் நினைவு அப்படித்தான் புது ஊரில் புது உருவம் எடுத்தது. அது பொய்யான வழக்கம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் ஊரில் அதுதான் உண்மை.

கடல்தாண்டி (நியூ ஜெர்சி)

அருமை. இத்தனை வருடம் சாப்பிட்டும் இது தெரியாது. பச்சைச் சாயமும் எங்கள் பக்கத்து வழக்கம்தான் போல. சிகாகோவில் 1962 முதல் ஆற்றையே பச்சையாக்குகிறார்கள்.

வடக்குவாசல் (பெல்ஃபாஸ்ட்)

ஓவன் பயம் உள்ளவர்களுக்கு வடக்கிலிருந்து ஒரு வழி. இங்கே சோடா பிரெட்டைக் கல்லில் சுடுவார்கள். அதே மாவுதான். வட்டமாக, விரல் கனத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தட்டி நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஃபார்ல். அந்தச் சொல்லுக்கே நாலில் ஒரு பங்கு என்றுதான் பொருள். இரும்பு தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றாமல், லேசாக மாவு தூவி, சிறு தீயில் பக்கத்துக்கு எட்டு நிமிடம். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவாக இருக்கும். கடைசியில் ஓரங்களையும் கல்லில் நிறுத்திச் சுட வேண்டும்.

நான் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வரும் நாட்களில் என் மகன் (10 வயது) அப்பாவோடு சேர்ந்து ஃபார்ல் சுட்டு வைத்திருப்பான். வெண்ணெய் தடவி, இஞ்சி டீயோடு. அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றாது.

நாலுமணிப்பூ (கால்வே)

மழைக்கொடி, மோர் பற்றிக் கேட்டீர்களே. மோரையே பிள்ளைகள் செய்யட்டும். சோடா பிரெட்டை விட என் மகளுக்கு இதுதான் பிடிக்கும்.

அரை லிட்டர் கிரீம் வாங்கி இரண்டு ஸ்பூன் தயிர் விட்டு உறை ஊற்றுங்கள். ஓர் இரவு வெளியே இருக்கட்டும். காலையில் மூடி இறுக்கமான பெரிய கண்ணாடி ஜாடியில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, பிள்ளையிடம் கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள்.

முதலில் தளக் தளக் என்று சத்தம் கேட்கும். ஐந்தாறு நிமிடத்தில் சத்தம் அடங்கிவிடும். கிரீம் கெட்டியாகிக் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், உள்ளே எதுவும் நகராது. "கெட்டுப்போச்சு" என்று ஜாடியைக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். நீங்கள் வாங்கிக் குலுக்குங்கள், பிறகு அவர்களிடம் கொடுங்கள். திடீரென்று உள்ளே ஏதோ கழன்று விழுந்தது போல 'தொப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி மறுபடி தெளியும். மெல்லிய மோருக்கு நடுவில் மஞ்சளாக ஓர் உருண்டை உருளும். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

ஏறக்குறைய 200 கிராம் வெண்ணெய் கிடைக்கும். குளிர்ந்த தண்ணீரில் மோர் வாடை போகும்வரை அலசி, உப்புப் பிசறி வையுங்கள். வடிந்த மோரை எடுத்து ரொட்டிக்கு ஊற்றுங்கள், குறைந்தால் புளித்த தயிரால் நிரப்புங்கள். எங்கள் அம்மா ஊரில் மத்துப் போட்டுக் கடைந்ததும் இந்த ஊர்ப் பாட்டிகள் மரப் பீப்பாயில் கடைந்ததும் ஒரே வேலைதான். என் மகள் இரண்டு பக்கத்துப் பாட்டிகளின் வேலையையும் ஒரு ஜாடியில் செய்துவிட்டாள் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

சின்னமலை (டப்ளின்)

சைவம் என்றால் கோல்கேனன் கட்டாயம் செய்யுங்கள். மசித்த உருளைக்கிழங்கும் கேல் கீரையும். ஒரு கிலோ கிழங்கு (ரூஸ்டர் என்று சிவப்புத் தோலோடு வருமே, அது மாவாக மசியும்), கால் கிலோ கேல் அல்லது முட்டைக்கோஸ், 200 மில்லி சூடான பால், ஒரு கொத்து வெங்காயத்தாள், தாராளமாக வெண்ணெய். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு இருக்கும்போதே நீங்கள் உரித்துவிடுங்கள். கேல் இலையை நடுக்காம்பிலிருந்து உருவுவது சின்னவன் வேலை, முருங்கைக்கீரை உருவுவது போலத்தான். வெங்காயத்தாளைக் கத்தரிக்கோலால் நறுக்குவது பெரியவள் வேலை. பச்சை நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் இதிலேயே வேண்டியது இருக்கிறது.

தட்டில் குவித்து நடுவில் குழி செய்து வெண்ணெய்க்கட்டி வைத்தால் உருகிக் குளமாக நிற்கும். ஓரத்திலிருந்து எடுத்து, குளத்தில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கரை உடையாமல் கடைசிவரை கொண்டுபோவது எங்கள் வீட்டுப் போட்டி. கீரைக்குப் பதில், பாலில் வேகவைத்த வெங்காயத்தாளை மட்டும் சேர்த்தால் அதற்கு சாம்ப் என்று பெயர், அது வடக்கில் அதிகம்.

இன்னொன்று. கோல்கேனனுக்கு உண்மையான நாள் ஹாலோவீன். அன்றைக்குக் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். அதனால் கோல்கேனன், பாக்ஸ்டி (துருவிய கிழங்கு அடை), பார்ம்பிராக் (உலர்திராட்சை ரொட்டி) என்று அந்தப் பண்டிகைச் சாப்பாடே சைவமாகத்தான் இருந்தது. அக்டோபர் கடைசியில் பிராக் செய்து பாருங்கள். உலர்திராட்சை 350 கிராமை 300 மில்லி ஆறிய கடுந்தேநீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வருவது) 225 கிராம், பழுப்புச் சர்க்கரை 125 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் மசாலாத்தூள் (பட்டை, ஜாதிக்காய்) கலந்து 170 டிகிரியில் ஒரு மணி நேரம். பார்ம்பிராக்கின் ஐரிஷ் பெயருக்கே புள்ளிபோட்ட ரொட்டி என்று அர்த்தம்.

உள்ளே பொருள் ஒளித்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு கிடைத்தால் பணம், துணித்துண்டு வறுமை, பட்டாணி வந்தால் இந்த வருடம் கல்யாணம் இல்லை. கடையில் வாங்கும் பிராக்கில் இப்போதும் மோதிரம் இருக்கும்.

குட்டிக்கை (லிமரிக்)

சின்னமலை அண்ணா, எல்லாம் சரி, நாலு வயதுப் பிள்ளை சாப்பிடும் ரொட்டிக்குள் மோதிரமும் காசும் வைக்கச் சொல்லாதீர்கள். ஒரு விருந்தில் என் மூன்று வயது மகன் தொண்டையில் திராட்சை சிக்கி நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்லவேளை, முதுகில் தட்டியதில் வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து வாயில் போகும் எதிலும் நான் விளையாட்டுக்கு இடம் கொடுப்பதில்லை.

சின்னமலை (டப்ளின்)

நீங்கள் சொல்வதுதான் சரி. நான் வயதைச் சொல்லாமல் விட்டது தவறு. ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் ரொட்டியை வெறுமனே சுட்டு, வெட்டிப் பரிமாறும்போது ஒரு தட்டுக்கு அடியில் மட்டும் மோதிரத்தை வையுங்கள். தட்டைத் தூக்கிப் பார்க்கும் பரபரப்பு அதே அளவுதான். பெரிய பிள்ளைகளுக்கு, அகலமான பேக்கிங் தாளில் மடித்து, தாள் வெளியே தெரியும்படி வைக்கலாம். மேசையில் எல்லோரிடமும் முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

கரிசல்காடு (டப்ளின்)

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. உருளைக்கிழங்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது அதன் கதையையும் கொடுங்கள். 1845இல் பயிரில் கருகல் நோய் வந்தது. ஏழைகள் மூன்று வேளையும் இதை மட்டுமே சாப்பிட்டு வாழ்ந்தார்கள். சில வருடங்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அந்த நேரத்திலும் துறைமுகத்திலிருந்து தானியமும் மாடும் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. 1841 கணக்கெடுப்பில் 81 லட்சமாக இருந்த தீவு 1851இல் 65 லட்சம். இன்றைக்கும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

லிஃபி ஆற்றங்கரையில் கஸ்டம் ஹவுஸ் பக்கம் 1997இல் வைத்த வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. எலும்பும் தோலுமாகக் கப்பலை நோக்கி நடக்கிறவர்கள், பின்னால் ஒரு நாய். மகளை அழைத்துப்போய்க் காட்டினேன். அதன் பிறகு அவள் தட்டில் கிழங்கை மிச்சம் வைத்ததில்லை. நான் சொல்லி இல்லை, அவளாகவே.

அடுப்படி (கார்க்)

ஏழு வயதுக்குச் சொல்லலாம். நாலு வயதுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சின்னவர்களுக்குச் சாப்பாடு முதலில் சந்தோஷமாக இருக்கட்டும். நான் என் மகனுக்கு எட்டு வயதில்தான் சொன்னேன், அதுவும் பாக்ஸ்டிக்குக் கிழங்கு துருவும்போது. துருவிய பச்சைக் கிழங்கைத் துணியில் பிழிந்து, மசித்த கிழங்கு, மாவு, சோடா, மோரோடு கலந்து கல்லில் ஊற்றுவது. லீட்ரிம், கேவன் பக்கத்துப் பலகாரம். அடை மாதிரி வரும், ஓரம் மொறுமொறுவென்று.

கரிசல்காடு (டப்ளின்)

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. வயது பார்த்துத்தான்.

மழைக்கொடி (டப்ளின்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று செய்து முடித்தோம். அப்படியே எழுதிவிடுகிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

வெண்ணெய் முதலில். கிரீமை உறை ஊற்றி இரவு முழுக்க வெளியே வைத்த நான், காலையில் ஏனோ ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டேன். ரொம்பக் குளிர்ந்து போனதால் அரை மணி நேரம் குலுக்க வேண்டியிருந்தது. ஜாடி நான்கு பேர் கைக்கும் போய் வந்தது. நாலுமணிப்பூ சொன்ன அந்த 'தொப்' வந்தபோது ஜாடி மகன் கையில் இருந்தது. பயந்து என்னிடம் நீட்டினான், பிறகு உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான்.

முதல் ரொட்டி தட்டையாகப் போய்விட்டது. அக்கா அவ்வளவு சொல்லியும், ஓவன் சூடேறி விளக்கு அணைவதற்கு முன்பே மகள் மோரை ஊற்றிவிட்டாள். மாவு இருபது நிமிடம் மேடையில் கிடந்தது. உடனே இரண்டாவது போட்டோம், இந்த முறை தயிரும் பாலும் கலந்து. மகன்தான் சுற்றினான், மகள்தான் சிலுவை கீறினாள், குத்து ஆளுக்கு இரண்டு. வெந்து எடுத்தபோது சிலுவை நன்றாக விரிந்து, ரொட்டி நாலு மலையாக நின்றது. அடியில் தட்டிப் பார்த்த மகள் ஜன்னல், கதவு, தம்பி முதுகு என்று எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே இருந்தாள், எதற்கு அந்தச் சத்தம் வருகிறது என்று.

கோல்கேனன் குளம் மகனுக்கு இரண்டாவது வாயிலேயே உடைந்தது. அழவில்லை, மறுபடி கட்டினான்.

வகுப்பில் சொல்ல மகள் எழுதிவைத்திருப்பதில் ஒரு வரி: "நாங்களே மோர் எடுத்தோம், அந்த மோரில் ரொட்டி செய்தோம், எங்க ஆச்சியும் மோர் எடுப்பாங்க." நான் எதையும் திருத்தவில்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கோல்கேனன் ஒரு பெரிய பாத்திரம் மிஞ்சியிருக்கிறது. என்ன செய்ய?

அடுப்படி (கார்க்)

ஃபிரிட்ஜில் வைத்துக் கெட்டியானதும் வடை போலத் தட்டி, மாவில் புரட்டி, வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். காலை டிபனுக்கு ஆகும். அந்தத் தட்டை ரொட்டியையும் எறியாதீர்கள், மெலிதாகச் சீவி டோஸ்ட் செய்தால் நன்றாகவே இருக்கும்.